மஞ்சள் பெருக்கல் குறி

எர்மீன் வெய்ரா வருகிறாள் என்பது அவள் முகம் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். முதுகுப் பையில் பெயின்ட் டப்பாவும் கம்பி பிரஷ்ஷும் முட்டிக்கொள்ளும் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்கும். நகக்கண்களில் மஞ்சள் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து கைகூப்பி நின்றாலும் அந்த மஞ்சள் இருக்கும். பாதிரியார் கூட ஒருமுறை, "எர்மீன், அப்பம் வாங்க நாக்கையே நீட்டிடுங்க, கைல வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தார். அவள் கையைத்தான் நீட்டினாள்.

வோவெர்ன் கிராமத்தைச் சுற்றியுள்ள நடைபாதைகளுக்குக் குறி போடுவது அவள் பொறுப்பு. சம்பளமெல்லாம் கிடையாது. நடைச் சங்கம் ஓர் அடையாள அட்டையும் பெயின்ட்டும் கொடுக்கும், மீதி எல்லாம் அவள் கால்கள். பதினொரு கிலோமீட்டர் சுற்று அது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில், இறந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் விளக்கேற்றிய கல்தூணில் தொடங்கி, இடிந்த மடாலயத்தைத் தாண்டி, மேட்டில் பெரிய தட்டைக் கல்லாய்ச் சரிந்து கிடக்கும் ஆதிகாலக் கல்திட்டை வழியாக எர்மீன் குடியிருக்கும் ஷிரூ என்ற குக்கிராமத்துக்குப் போய், துணி துவைக்கும் ஊற்றுப் பக்கமாகத் திரும்பி வரும். நேராகப் போ என்றால் மரத்தில் ஒரு மஞ்சள் கோடு. திரும்பு என்றால் வளைந்த கோடு. இந்தப் பக்கம் வராதே என்றால் பெருக்கல் குறி. அவ்வளவுதான் அந்தப் பாஷை. ஆனால் அதை எழுதுவதற்கு எர்மீன் வைத்திருந்த விதிகளைக் கேட்டால் தலை சுற்றும். குறி கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பாசியைச் சுரண்டிவிட்டுத்தான் பெயின்ட் வைக்க வேண்டும். முன்னோர் நட்ட கல்மேல், சிலுவைமேல், மடாலயச் சுவர்மேல் ஒரு சொட்டு மஞ்சள் படக்கூடாது. பக்கத்து வட்டாரத்தில் குறி போடுகிறவர் ஒருவர் தெரியாமல் மடாலயத்து நிலைக்கல்லில் ஒரு கோடு போட்டுவிட்டார். அவரைப் பல்துலக்கும் பிரஷ்ஷும் கையுமாக உட்கார வைத்து, கடைசிப் பொட்டு மஞ்சள் போகும்வரை பக்கத்திலேயே நின்றாள் அவள்.

முப்பத்தோரு வருஷம் தபால்காரியாக இருந்தவள். ஒரு கடிதம் தப்பான வீட்டுக்குப் போனது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஓய்வு பெறுவதற்கு வெகுகாலம் முன்பே குறி போடுவதையும் எடுத்துக்கொண்டாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பாள், ஆளைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது. ஜூலை மாதத்தில் வந்த ஒரு ஹாலந்துக்காரர் உருகிப்போய், "மதாம், ஒங்க குறிய கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்" என்றார். "கண்ண மூடிக்கிட்டா குறி எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அப்படிப்பட்டவள் போட்ட குறிகளில் ஒன்று பொய் சொன்னது. பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஷிரூவில் கோயில் இல்லை, கல்லறைத் தோட்டமும் இல்லை. அங்கே செத்தவர்கள் வோவெர்னுக்குத்தான் வந்தாக வேண்டும். பள்ளத்து வழியாக ஒரு பழைய பாதை இருக்கிறது, இரண்டு பக்கமும் பாசி படிந்த கல்சுவர், மேலே மரங்கள் கூடி நிற்கும். அதன் பாதியில் ஒரு சுமைதாங்கிக் கல். ஷிரூக்காரர்கள் ஆறு பேர் சவப்பெட்டியை அதுவரை தோளில் கொண்டு வருவார்கள். அங்கே வோவெர்ன்காரர்கள் ஆறு பேர் காத்திருப்பார்கள். பெட்டியைக் கல்மேல் இறக்குவார்கள். குருத்து ஞாயிற்றில் ஆசீர்வதித்து வைத்த பசுங்கொத்து ஒன்றைக் கல்லின் தலைமாட்டில் வைப்பார்கள். ஷிரூவின் மூத்தவர், "இந்தாளை வாங்கிக்குங்க" என்பார். ஊர்க்காரர்களில் ஒருவர், "எங்க ஆளுதான்" என்பார். அதற்குப் பிறகு பெட்டி ஊரார் தோளில் போகும். ஒருவன் உயிரோடு இருந்தபோது ஊரோடு எத்தனை சண்டை போட்டிருந்தாலும் அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். ரோடு வந்து, கறுப்பு வண்டி வந்த பிறகு இந்த வழக்கம் அநேகமாக நின்றுபோனது. எப்போதாவது யாராவது சாகும்முன் கேட்டுக்கொண்டால்தான் உண்டு.

எர்மீனின் அப்பா எஸ்தாஷ் கேட்டுக்கொண்டார். மரம் வெட்டுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். ஊரில் பாதிப் பேரோடு அவர் பேசுவதில்லை, மீதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. 2004 நவம்பரில், ஊற்றுகிற மழையில், அவரைப் பள்ளத்துப் பாதையில் கொண்டு வந்தார்கள். சுமைதாங்கிக் கல்லில் இறக்கினார்கள். கொத்து வைத்தார்கள். நின்றார்கள். ஒரு மணி நேரம் நின்றார்கள். பெட்டியின்மேல் மழை விழும் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில் ஷிரூக்காரர்களே மறுபடி தூக்கினார்கள், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு முட்டி மடங்கியது. அந்த இடத்தில் எர்மீன் தன் தோளைக் கொடுத்தாள். கடைசி ஜெபமும் முடிந்த பிறகு, கோயில் கதவைத் தள்ளிக்கொண்டு ஊர்க்காரர்கள் ஆறு பேர் நனைந்துபோய் உள்ளே வந்தார்கள். முன்னால் நின்றவன் மார்ஸ்லேன் கோந்தா, மாட்டுப் பண்ணைக்காரன், அப்போது அவனுக்கு முப்பத்து மூன்று. எர்மீன் திரும்பி நின்றுகொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். தபால்காரிக்கு வந்த தபாலைத் தபால்காரியே தரம்பிரித்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். 'பெற மறுப்பு' என்ற முத்திரையைக் குத்தி, மறுநாள் காலையில் அவன் வீட்டுப் பெட்டியிலேயே போட்டாள். அடுத்த வசந்தத்தில், ஊரிலிருந்து வரும் வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், பள்ளத்துப் பாதை பக்கமிருந்த மரத்தில் பெருக்கல் குறி போட்டாள். அந்த வழியிலுள்ள மரப்பாலம் இற்றுப்போயிற்று, ஆபத்து என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பாலம் கல் மாதிரி இருந்தது. அவள் அப்பாவை வாங்கிக்கொள்ள வராத ஊருக்கு அவள் அப்பா போன வழி எதற்கு என்பதுதான் உண்மையான காரணம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் குறியை மறக்காமல் புதுப்பித்தாள். நடப்பவர்களெல்லாம் மேட்டு வழியாகப் போனார்கள். பள்ளத்தை முள் மூடியது.

இப்படியே போயிருக்கும். போன வருஷம் செப்டம்பரில் மேயர் அலுவலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பள்ளத்துப் பாதையில் அறுநூற்று நாற்பது மீட்டரை மார்ஸ்லேன் கோந்தா விலைக்குக் கேட்கிறான். அவன் மேய்ச்சல் நிலத்தை அது இரண்டாகப் பிளக்கிறது. மக்கள் நடக்காத கிராமப் பாதையை ஊர் விற்கலாம், நடக்கிற பாதையை விற்க முடியாது. எங்கள் பக்கத்தில் சட்டம் இவ்வளவுதான். பதினைந்து நாள் பொது விசாரணை. ஆட்சேபம் இருப்பவர்கள் பதிவேட்டில் எழுதலாம், கடைசி நாள் காலையில் விசாரணை அதிகாரி நேரில் வந்து உட்காருவார்.

எர்மீன் அறிவிப்பை இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு நினைவு வந்தது அப்பா இல்லை, ஒனோரே.

ஒனோரே அவள் பக்கத்து வீட்டுக்காரர், எண்பத்தேழு வயது. எஸ்தாஷைத் தூக்கிய ஆறு பேரில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருத்தர்தான். மூச்சு அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. கோடையிலேயே அவளிடம் கேட்டிருந்தார்.

"என்னைப் பழைய வழிலதான் எடுக்கணும். அந்தக் கறுப்பு வண்டில ஏத்திடாத. வண்டின்னா எனக்குக் குமட்டும்."

"செத்தப்பறம் குமட்டாது."

"யாரு செத்துப் பாத்துட்டு வந்து சொன்னா?"

அவள் சிரித்துவிட்டுச் சரி என்றிருந்தாள். வாக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது அந்த வழியையே மூடப் போகிறார்கள், மூடுவதற்குக் கதவைச் சாத்தி வைத்தவளும் அவள்தான்.

மறுநாளே கத்தரியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். முள்ளை வெட்டி, பெரணிச் செடிகளை மிதித்து, இருநூறு மீட்டர் போயிருப்பாள். குறுக்கே கரண்டுக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் செவலைப் பசுக்கள் ஏழெட்டு, அவற்றின் நடுவே கையில் வாளியோடு மார்ஸ்லேன். பத்தொன்பது வருஷத்தில் வயிறு வைத்திருந்தது, மீசை நரைத்திருந்தது.

"என்ன எர்மீன், தபால் ஏதாவது கொண்டாந்தீங்களா?"

"நான் ரிட்டயராகி ஆறு வருஷமாச்சு."

"அதானே பாத்தேன். எங்க வீட்டுத் தபாலுன்னா நீங்க திருப்பி அனுப்பறதாச்சே."

அவள் கம்பியைப் பார்த்தாள். "பொதுப் பாதைல கரண்டுக் கம்பி கட்ட ஒனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

"நீங்கதான்."

"நானா?"

"முக்குல மரத்துல மஞ்சளா மின்னுதே, பெருக்கல் குறி. அது யாரு போட்டது, எங்க மாடா? ஃபோட்டோ புடிச்சு மனுவோட சேத்துருக்கேன். சங்கமே போகாதங்கற வழிய எவன் நடப்பான்?" வாளியைக் கீழே வைத்தான். "இப்ப திடீர்னு என்ன பாசம் வந்துச்சு இந்தப் பாதை மேல?"

எர்மீனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். "எங்கப்பாவக் கல்லு மேல வெச்சுட்டு நின்னோம். அந்த மழைல. ஒரு மணி நேரம். ஒரு நாயி வரல."

"நாயி வரல. சரிதான். நாங்க ஆறு பேரு வந்தோம்."

"பொய் சொல்லாத."

"மேட்டுல, கல்திட்டைகிட்ட நின்னோம் ஆறு பேரும். ஒண்ணரை மணி நேரம்." அவன் சொன்னதில் சூடே இல்லை. எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனதைச் சொல்வதுபோல் சொன்னான். "எங்கள்ல ஒருத்தனும் அதுக்கு முன்னாடி அந்த வேலைக்குப் போனதில்ல. கடைசியா தூக்கினது எங்க தாத்தா காலத்துல. அப்பாகிட்ட கேட்டதுக்கு, மஞ்சக் குறியப் புடிச்சுட்டுப் போ, பெரிய தட்டைக் கல்லு வரும், அங்க நில்லுன்னாரு. புடிச்சுட்டுப் போனோம். முக்குல பள்ளத்துப் பக்கம் பெருக்கல், மேட்டுப் பக்கம் கோடு. போனோம். பெரிய தட்டைக் கல்லு வந்துச்சு. நின்னோம்."

"அன்னிக்கு அங்க பெருக்கல் குறி கிடையாது. அத நான் போட்டது வசந்தத்துல. அதுக்கப்பறம்."

"எனக்கு என்ன தெரியும்? நான் பாத்தது பாத்தேன்." வாளியை எடுத்துக்கொண்டான். "அதத்தான் லெட்டர்ல எழுதினேன். ரெண்டாந்தடவ எழுதறது எனக்குப் பழக்கமில்ல."

பசுக்கள் அவன் பின்னால் போயின. எர்மீன் கத்தரியை மடக்கவும் மறந்து நின்றாள்.

நேராக ஒனோரே வீட்டுக்குத்தான் போனாள். அவர் மிஞ்சிய சூப்பில் சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் வேண்டாமென்று சொன்ன ஒயின். அவளைப் பார்த்ததும் பாட்டிலை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"ஊர்க்காரங்க அன்னிக்கு வந்தாங்களா?" என்று கேட்டாள். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"வந்தாங்க."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கோயில்லயே. அவங்க காலப் பாத்தேன். கணுக்கால்ல செவப்பு, அதுக்கு மேல முழங்கால் வரைக்கும் கருஞ்சேறு. பள்ளத்துல சேறு செவப்பு. மேட்டுல நின்னவனுக்குத்தான் கறுப்பு ஒட்டும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வந்தேனே, ஞாபகமில்ல? ஊர்க்காரங்க பேச்சு எடுக்கறதா இருந்தா இந்தப் படிய மிதிக்காதீங்கன்ன. அப்ப எனக்கு ரொட்டி வாங்கிட்டு வர்றது நீ. நெசத்தச் சொல்றதா, ரொட்டியான்னு ரெண்டு நாளு யோசிச்சேன்." கிண்ணத்தை வழித்தார். "ரொட்டி ஜெயிச்சுருச்சு. என்ன மன்னிச்சுரு."

எர்மீனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து, பூட்ஸ் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த நோட்டுப் புத்தகங்களை மேஜைமேல் கொட்டினாள். போட்ட ஒவ்வொரு குறிக்கும் தேதி உண்டு, மரம் உண்டு, காரணம் உண்டு. தபால் இலாகா பழக்கம். பச்சை அட்டை, 2004. பக்கத்தைத் திருப்பும்போதே எங்கோ ஒரு மூலையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அக்டோபர் 28. அவளுடைய கையெழுத்து, சின்னதாக, நேராக. 'புயலில் பள்ளத்துப் பாதையில் பீச் மரம் விழுந்து அடைப்பு. பிரியும் இடத்தில் பெருக்கல் குறி. மேட்டு வழியாகப் பதினான்கு குறிகள், கல்திட்டை வரை, அங்கிருந்து ஷிரூ. மரத்தை எடுத்ததும் அழிக்க வேண்டும்.'

அன்று சாயங்காலம்தான் அப்பா விழுந்தார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பன்னிரண்டு நாள், சாவு. அடக்கத்துக்கு முன்தினம் ஷிரூக்காரர்கள் ரம்பம் வைத்து அந்த மரத்தை அறுத்துப் பெட்டிக்கு வழி விட்டார்கள். குறியை யார் நினைத்தார்கள்? பள்ளத்திலிருந்து வருகிறவனுக்குக் குறி இருந்த மரத்தின் முதுகுதான் தெரியும், பெருக்கல் குறி ஊரிலிருந்து வருகிறவனுக்கு மட்டும். பெட்டிக்குத் தோள் கொடுத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போனவள் அதைப் பார்க்கவே இல்லை. வசந்தத்தில் ஆத்திரத்தோடு போட்டதாக அவள் நினைத்திருந்த குறி, ஏற்கெனவே இருந்த குறியின்மேல் வைத்த இன்னொரு பூச்சு. ஆத்திரத்தில் இருந்தவள் மனதில் அடியில் இருந்தது தங்கவில்லை.

அப்பாவை மழையில் காக்க வைத்தது ஊர் இல்லை. அவளேதான். சுமைதாங்கிக் கல்லின்மேல் ஒரு பொட்டு மஞ்சள் இருந்திருந்தால் கூட, மேட்டில் குறியில்லாத கல்லைப் பார்த்ததும் அவர்கள் இது அது இல்லை என்று யோசித்திருப்பார்கள். பழைய கல்மேல் குறி போடக்கூடாது என்ற அவளுடைய விதி அதற்கும் இடம் வைக்கவில்லை. எர்மீன் மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதாள். அப்பா செத்தபோது அழாததையும் சேர்த்து அழுதாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது. பாதையைக் காப்பாற்ற அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது, அது அவளுக்குத் தெரியும். பாலம் இற்றுப்போகவில்லை, வழி ஆபத்தாக இல்லை, என் பெருக்கல் குறி பொய், அதனால்தான் யாரும் நடக்கவில்லை என்று அதிகாரி முன்னால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். சொன்னால் அவளுடைய நூற்றுக்கணக்கான மற்றக் குறிகளையும் இனி யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் ஒனோரே கறுப்பு வண்டியில் போவார். ஒன்பது நாள் அவள் எங்கும் போகவில்லை. பெயின்ட் டப்பா வாசலிலேயே கிடந்தது.

கடைசி நாள் காலையில் மேயர் அலுவலக நடுக்கூடத்தில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நகரத்திலிருந்து வந்த, கண்ணாடி போட்ட அம்மாள், முன்னால் பதிவேடு. ஓரமாக நாற்காலிகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர். பாதைக்காக வந்தோம் என்று சொல்லிக்கொண்டோம், வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தோம். மார்ஸ்லேன் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

எர்மீன் உட்காரவில்லை. நோட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மதாம், அந்தப் பாலம் இத்துப் போகல. எப்பவும் போனதில்ல. நான் பொய் எழுதிக் குடுத்தேன்."

அதிகாரி பேனாவை வைத்தார். "பெருக்கல் குறி போட்டது நீங்களா?"

"நான்தான். மொதல்ல மரம் விழுந்துச்சுன்னு போட்டேன், அது சரி. மரத்த எடுத்தப்பறம் அழிக்கல. அப்பறம் கோவத்துல விட்டு வெச்சேன். பத்தொம்பது வருஷமா புதுசு பண்ணேன். ஜனங்க அந்தப் பாதைய விடல மதாம். நான் விட வெச்சேன்."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். எர்மீன் நோட்டைத் திறந்து அந்த ஐந்து வரியையும் சத்தமாகப் படித்தாள், தேதியோடு. படித்து முடித்துவிட்டு அதிகாரியைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வந்தீங்க. ஆறு பேரும் வந்தீங்க. என் குறிதான் ஒங்களத் திருப்பி விட்டுருச்சு. ஊரு வரலன்னு இத்தன வருஷம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது தப்பு."

மார்ஸ்லேன் கட்டியிருந்த கையை இறக்கினான். தரையைப் பார்த்தான், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் மன்னித்தானா, கோபித்துக்கொண்டானா என்று எங்களுக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. அவள் பதிவேட்டில் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். அறிக்கை வர ஒரு மாதமாகும், இரண்டு மாதமும் ஆகலாம், முடிவெடுப்பது ஊர்ச்சபை என்றார் அதிகாரி. அவள் தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் கம்பி பிரஷ்ஷோடு அந்த மரத்துக்குப் போனாள். பூச்சுமேல் பூச்சாகக் கனத்திருந்த மஞ்சளை அடிமரம் தெரியும்வரை சுரண்டினாள். தோள் வலித்தது. பிறகு சங்கத்துக்கு நாலு வரி எழுதி, அடையாள அட்டையையும் தூரிகையையும் ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்பிவிட்டாள். வேண்டாம் என்று அவர்கள் வற்புறுத்துவார்கள் என எதிர்பார்த்தாளோ என்னவோ. பெற்றுக்கொண்டோம், நன்றி என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் கை சுத்தமாக இருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அறிக்கை வரவில்லை, மழைக்காலம் வந்தது, உறைபனி வந்தது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒனோரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். மேஜைக்கு அடியில் பாட்டில் இருந்தது. எர்மீன் அதைக் கழுவி வைத்துவிட்டு, மேயரிடம் அனுமதி வாங்கினாள். பாதை இன்னும் ஊர்ப் பாதைதான், வேலி எப்படியென்று தெரியாது என்றார் மேயர். ரொட்டிக் கடைக் கதவில் சாவு அறிவிப்பு ஒட்டினாள். ஒனோரே பெயர், வயது, வெள்ளிக்கிழமை, பள்ளத்துப் பாதை வழியாக, காலை பத்து மணிக்குச் சுமைதாங்கிக் கல். அதற்குக் கீழே யாரையும் வரச் சொல்லி ஒரு சொல் எழுதவில்லை. ஊரில் எந்தக் கதவையும் தட்டவில்லை. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கரண்டுக் கம்பியை வெட்ட ஒரு குறடு மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்க ஷிரூவில் ஆள் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. லிமோஷ் நகரத்திலிருந்து வந்த ஒனோரேயின் அண்ணன் மகன், அவனுடைய இரண்டு நண்பர்கள், ஆட்டுப் பால்கட்டி செய்யும் புருஷன் பெண்டாட்டி, விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த ஹாலந்துக்காரர். அந்தக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவரேதான். எர்மீன் பசுங்கொத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஷிரூவில் இப்போது மூத்தவள் அவள். மரப்பாலம் ஏழு பேர் கனத்துக்கும் ஒரு முனகல் முனகவில்லை. பாலத்துக்கு அப்பால் முள் இருக்கும், குனிந்து போக வேண்டியிருக்கும் என்று பின்னால் வந்தவர்களிடம் சொல்லத் திரும்பினாள்.

முள் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டி, சுவரோரமாக ஒதுக்கியிருந்தார்கள், வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக இருந்தது. கம்பி இருந்த இடத்தில் இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன, கம்பியைச் சுருட்டி ஒரு கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். எர்மீன் நடையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி நடக்க முடியாது என்று தோன்றியது.

வளைவு திரும்பியதும் சுமைதாங்கிக் கல் தெரிந்தது. கல்லைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. அன்றைய ஆறு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை, அவர்கள் இடத்தில் தம்பி ஒருவன், மருமகன் ஒருவன். காலடியில் புல்லின் உறைபனி வட்டமாக மிதிபட்டுக் கரைந்திருந்தது. மார்ஸ்லேனின் மூக்கு சிவந்துபோயிருந்தது.

"வந்து நேரமாச்சா?" என்று கேட்டாள் எர்மீன்.

"ஏழரைக்கே வந்துட்டோம்."

"பத்துன்னுதானே எழுதியிருந்தேன்."

"பாத்தேன்." அவன் தொப்பியைக் கை மாற்றினான். "போன தடவ லேட்டாயிருச்சு."

அவன் கல்லைக் காட்டினான்.

"இதானே?"

"இதான். குறி ஒண்ணும் இல்லியே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அன்னிக்கே தெரியும். மேட்டுல நின்னு நின்னு பாத்துட்டு ஷிரூவுக்கே போனோம், ஒங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு. அப்பறம் இந்த வழியாத்தான் கோயிலுக்கு ஓடினோம். கல்லு மேல ஒங்க பச்சைக் கொத்து நனைஞ்சு கெடந்துச்சு."

"ஒன் பாதை?"

"மனுவத் திருப்பி வாங்கிட்டேன். மாடு சுத்திப் போகட்டும், அதுகளுக்கு என்ன வேல."

பெட்டியைக் கல்லில் இறக்கினார்கள். எர்மீன் கொத்தைத் தலைமாட்டில் வைத்தாள். அது ஒருமுறை விழுந்தது, மறுபடி வைத்தாள்.

"இந்தாளை வாங்கிக்குங்க" என்றாள்.

"எங்க ஆளுதான்" என்றான் மார்ஸ்லேன்.

மற்ற ஐந்து பேரும் பெட்டிக்குக் கை கொடுக்கக் குனிந்தார்கள். அவன் மட்டும் குனியவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தச் சொல் இன்னும் ஒருவருக்குப் பாக்கி இருந்தது.

"எஸ்தாஷும்" என்றான். "அவரும் எங்க ஆளுதான்."

பிறகு குனிந்து, தோள் கொடுத்து, ஒனோரேயை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எர்மீன் பின்னால் நடந்தாள்.